நான் அடித்துவிட்ட வரிகள்

என் ரெஜினாவுக்கு,

நாவலில் கடிதம் வந்தாலே நீ இரண்டு பக்கத்தைத் தள்ளிவிடுவாய். ‘கண்ணே, கனியே’ என்று ஆரம்பித்துவிட்டானா, இனி இவன் விஷயத்துக்கு வர நேரமாகும் என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் அண்ணனிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாய், தான் உனக்கு ஏற்றவன் இல்லை என்று நினைத்துவிட்டாய் என்றே பத்து மாதமாக அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். அது அப்படி இல்லை என்று ஐந்து வாரமாக எனக்குத் தெரியும். இன்னும் சொல்லவில்லை. காலையில் அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டும்போது சொல்லலாம் என்று நினைப்பேன். கட்டி முடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். அவன் போய்விடுவான்.

ஆகவே முதலில் உனக்கு எழுதிப் பார்க்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுத வேண்டும். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் டி.சி. எழுதுகிறேன், வருகைப் பதிவேடுகளுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போடுகிறேன். நீ போன அன்று நான் அழவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. மாதா கோயிலில் உன் சவப்பெட்டியின் ஒரு கைப்பிடியைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தார்கள். அது ஆடிக்கொண்டிருந்தது. பூசை முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். “கூடவே சுத்தின பொண்ணு, எப்படிக் கல்லு மாதிரி நிக்குது பாரு” என்று உன் பெரியம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை.

ஊரில் என்ன விசேஷம் என்று கேட்பாய். கேம்ப் ரோடு லெண்டிங் லைப்ரரியை தயாளன் அண்ணன் மூடிவிட்டார். அதே கடையில் இப்போது வீடியோ கேசட் வைத்திருக்கிறார். எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்துவிட்டது. அம்மா மத்தியானத்தில் புரியாத மொழியில் எல்லாம் படம் பார்க்கிறாள், கதை மட்டும் சரியாகச் சொல்கிறாள். பல்லாவரத்திலிருந்து இங்கே வரை ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. மேற்குத் தாம்பரத்து வாசகர் வட்டம் ஒன்று மாதப் பத்திரிகை நடத்துகிறது. பெண்கள் விரும்பிப் படிக்கும் காதல் நாவல்களுக்கும், கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்று இப்போது வருகிற சின்ன நாவல்களுக்கும் நான் மதிப்புரை எழுத வேண்டுமாம். தயாளன் அண்ணன்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். மூன்று புத்தகம் அனுப்பினார்கள். மூன்றையும் படித்தேன். ஒன்றில் கதாநாயகி கடைசி அத்தியாயத்தில் செத்துப்போகிறாள். மூடி வைத்துவிட்டு அரிசி ஊறப் போடப் போனேன். எழுத ஒரு வரியும் வரவில்லை. அதற்குப் பதிலாக இதைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனவே இதை வேறு சிலரும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததை எல்லாம் நான் திரும்பச் சொன்னால் அவர்களுக்காக என்று வைத்துக்கொள்.

தயாளன் அண்ணன் லைப்ரரியில் ஒரு பழக்கம் இருந்தது. நாவலின் கடைசியில் அச்சடிக்காத வெற்றுப் பக்கம் ஒன்று இருக்குமே, அதில் படித்தவர்கள் கருத்து எழுதிவைப்பார்கள். ‘சூப்பர்.’ ‘சுமார்.’ ‘கண்ணீர் வந்தது, எஸ்.கே., ராஜகீழ்ப்பாக்கம்.’ ‘இதைப் படிப்பதற்குப் பதில் துணி துவைக்கலாம்.’ பேனாவால் எழுதினால் தயாளன் அண்ணன் திட்டுவார். பென்சில் மட்டும்தான். மேஜையில் நூல் கட்டிய பென்சில் ஒன்று தொங்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். கல்லூரியில் மூன்று வருடம் நான் வகுப்பில் எழுந்து ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஆனால் அந்த வெற்றுப் பக்கத்தில் நான் பேசினேன். பொடி எழுத்தில் பக்கம் நிறைய எழுதுவேன். கதாநாயகன் மூன்றாம் அத்தியாயத்தில் அவளை அறைகிறான், இருபதாம் அத்தியாயத்தில் அதையே காதல் என்கிறான், இரண்டுக்கும் நடுவில் அவன் மாறியதற்கு ஆசிரியர் காரணமே காட்டவில்லை என்று எழுதுவேன். நல்ல வரி வந்தால் ஓரத்தில் கோடு போட்டு ‘அழகு’ என்று எழுதுவேன். நாளடைவில் பெண்கள் வந்து “பென்சில் போட்ட புக்கு இருந்தா குடுங்கண்ணா” என்று கேட்க ஆரம்பித்தார்கள். எழுதுவது யார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் வெட்கப்படுவேன் என்று அவருக்குத் தெரியும்.

உன்னிடம் மட்டும் வாயால் சொன்னேன். பிளஸ் டூவோடு நீ படிப்பை நிறுத்திவிட்டு, சானடோரியம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாய். தைத்து வரும் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. “நீ புக்குல தப்பு கண்டுபிடிக்கிற, நான் சட்டையில. எனக்காவது டீ குடுக்கறாங்க” என்பாய்.

புத்தகத்தைக் கையில் வாங்கும் முன்னே உன் கேள்வி வந்துவிடும். “சேர்றாங்களா இல்லையா? அத மொதல்ல சொல்லு. எட்டு மணி நேரம் நின்னுட்டு வரேன்டி, அழறதுக்கெல்லாம் தெம்பு இல்ல.” முடிவைச் சொன்னால் கதையில் என்ன ருசி என்று நான் வாதாடுவேன். முடிவு தெரிந்தால்தான் நடுவில் நிம்மதியாகப் படிக்க முடியும் என்பது உன் கட்சி. அதில் நீ கடைசி வரை இறங்கி வரவில்லை.

எஸ்டேட் முதலாளிகளைக் கண்டால் உனக்கு ஆகாது. எந்த நாவலைத் திறந்தாலும் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஓர் எஸ்டேட், ஒரு முன்கோபக்காரன், அவனிடம் டைப்பிஸ்ட்டாகப் போகும் ஏழைப் பெண். “பஸ்ல போறவன் ஒருத்தன் இருந்தா சொல்லுடி. தாம்பரத்துல எவனுமே லவ் பண்ணலயா? மீட்டர்கேஜ் டிரெயின்ல தொங்கிட்டுப் போறானே ஒருத்தன், அவனுக்கு ஒரு கதை எழுத மாட்டாங்களா?” நான் தேடிப் பார்த்தேன். தயாளன் அண்ணன் அலமாரியில் அப்படி ஒருவன் இல்லை.

எங்கள் வீட்டிலேயே இருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணனின் பெயரை இங்கே எழுத மாட்டேன். கேம்ப் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான், எட்டாவது வரை படித்தவன் என்று மட்டும் சொல்கிறேன். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வாரத்துக்கு இரண்டு முறை குரோம்பேட்டை போவான். நான் படித்து முடித்த நாவலை வழியில் உன் வீட்டில் கொடுக்கச் சொல்லி அவனிடம் தருவேன். சலித்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்வான். என் அண்ணனுக்கு இவ்வளவு நல்ல குணமா என்று நினைத்ததுண்டு. அந்தப் புத்தகங்களுக்குள் அவன் கடிதம் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தான்.

போன வருடம் டிசம்பர் தொடக்கம். தாம்பரம் ஸ்டேஷனில், நாம் வழக்கமாக உட்காரும் சிமென்ட் பெஞ்சில் நீ எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாய். கம்பெனியில் சட்டை போட்டுத் தரும் பாலிதீன் கவர் ஒன்றை என் மடியில் வைத்தாய். உள்ளே நான்கு கடிதங்கள். ரூல்டு நோட்டிலிருந்து கிழித்த தாள். எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“தங்கச்சியா படிக்காத,” என்றாய். “தயாளன் அண்ணன் புக்க படிக்கிற மாதிரி படி. பென்சில் போட்டுக் குடு.”

“எதுக்கு ரெஜி?”

“எனக்குப் புடிச்சிருக்கு. அதனாலதான் கேக்கறேன். எங்க லைன்ல தச்சவளே செக் பண்ணக் கூடாது. அவளுக்கு அவ தப்பு தெரியாது. வேற ஒருத்தி பாக்கணும்.”

நீ பதில் எழுதியதே இல்லை என்றாய். அடுத்த முறை அவன் புத்தகம் கொண்டுவரும்போது, முந்திய புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு “படிச்சேன்” என்று மட்டும் சொல்வாயாம். அதைச் சொல்லும்போது நீ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னை அப்படி நான் பார்த்ததில்லை.

அன்று மாலை எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே அண்ணன் கையில் கிரீஸ் போக மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. முதல் கடிதத்தின் மூன்றாவது வரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ‘உன் விழியோரத்து மௌனத்தில் என் பிறவிகள் கரைகின்றன.’ இரண்டு மாதம் முன்னால் நான் படித்த நாவலில் இருந்த வரி. நான் கோடு போட்டு ‘அழகு’ என்று எழுதிய வரி. அடுத்ததும் அப்படியே. நான்கு கடிதத்திலும் நல்ல வரிகள் எல்லாம் நான் கோடு போட்ட வரிகள். புத்தகத்தை உன்னிடம் கொடுக்கும் முன்னால் என் பென்சில் கோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறான்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த நாவல் என்று எழுதினேன். இடையிடையே சம்பந்தமில்லாத சில வரிகள் இருந்தன. விழி, மௌனம், பிறவி என்று போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் செருப்பு, சைக்கிள் செயின் என்று ஏதோ வரும். அவற்றைக் குறுக்கே அடித்து ‘தேவையற்றது’ என்று போட்டேன். கடைசிக் கடிதத்தின் பின்பக்கத்தில் தீர்ப்பு எழுதினேன்: ‘நடையில் அழகு உண்டு. ஆனால் இவருடையது அல்ல. மூன்று நாவல்களிலிருந்து எடுத்தது. இடையில் வரும் சில்லறைச் செய்திகள் படிப்பவரைச் சோர்வடையச் செய்கின்றன.’

மறுநாள் அதே பெஞ்சில் உன்னிடம் கொடுத்தேன். நீ நிதானமாகப் படித்தாய். உன் வேலையில் சட்டையைப் பார்ப்பாயே, காலர், பட்டன், தையல் என்று, அந்த வேகத்தில்.

“அப்ப இதுல அவரு வரி ஒண்ணுகூட இல்லையா?” என்றாய்.

“நல்ல வரி எதுவும் அவனோடது இல்ல,” என்றேன்.

“சரிடி.”

அவ்வளவுதான். வண்டி வந்தது. லேடீஸ் பெட்டியில் ஏறினோம். புதிதாக வந்த சூப்பர்வைசர் எப்படித் தும்முவார் என்று நீ நடித்துக் காட்டினாய். நான் சிரித்தேன்.

அன்று நான் அதை நேர்மை என்று நினைத்தேன். படிக்காதவன் என்பதற்காகச் சலுகை தரக் கூடாது, அண்ணன் என்பதற்காகவும் கூடாது. தராசு சரியாக இருக்க வேண்டும். இப்போது யோசிக்கும்போது வேறு சிலவும் தெரிகின்றன. நீ மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி, நாங்கள் அப்படியில்லை, வீட்டில் என்ன ரகளை நடக்கும் என்ற பயம் இருந்தது. அதைவிட, எனக்கென்று இருந்த ஒரே இடம் நீதான். நான் வாய் திறந்து பேசும் ஒரே ஆள். அந்தப் பெஞ்சில் மூன்றாவதாக ஒருவர் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. இது எல்லாம் பென்சில் நுனியில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றுதான் சொல்வேன். அன்றைக்குத் தெரிந்திருக்காது. அல்லது தெரிந்தும் இருக்கலாம்.

அடுத்த வாரம் நீ சொன்னாய், இனிமேல் புத்தகத்தை நானே கொண்டுவர வேண்டும் என்று. அண்ணனிடம் சொன்னேன்.

“இன்னா, இனிமே நானு குடுக்க வேணாமாமா?”

“வேணாமாம்.”

“ஏதாச்சும் சொல்லிச்சா?”

“இல்லண்ணா.”

கையிலிருந்த ஸ்பானரைப் பெட்டியில் வைத்தான். எது எந்த வரிசையோ அந்த இடத்தில் சரியாக வைத்தான். “சரி வுடு,” என்றான். அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு நீ அனுப்பிய கேக்கை அவன் தொடவில்லை. பல் வலி என்றான்.

பிறகு ஜூலையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாவலில் கதாநாயகிக்கு வரும் நோய் எதுவும் உனக்கு வரவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், யாரோ கைக்கு மருந்து கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரமாகிவிட்டது என்றார்கள். உன்னை நான் பார்க்க வந்த நாளில் உன் உள்ளங்கை மாம்பழத் தோல் மாதிரி இருந்தது. “புதுசா என்ன வந்திருக்கு?” என்று கேட்டாய். சொன்னேன். “சேர்றாங்களா?” என்றாய். சேர்கிறார்கள் என்றேன். அந்த நாவலை நான் அப்போது படித்து முடித்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா உள்ளே போய் அந்தப் பாலிதீன் கவரை எடுத்துவந்தார். உன் பைபிளுக்குக் கீழே இருந்ததாம். நான்கிலும் கையொப்பம் இல்லை, பெயர் இல்லை. பின்பக்கத்தில் என் பென்சில் எழுத்து மட்டும் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது.

“இது நீ எழுதற கதையா பாப்பா? பத்திரமா வெச்சிருந்தா,” என்றார்.

“ஆமா ஆன்ட்டி,” என்றேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். நீ ரப்பர் வைத்து அழித்திருந்தாய். நான் எழுதிய தீர்ப்பை அல்ல, அது அப்படியே இருந்தது. நாவல் பெயர்களும் இருந்தன. நான் குறுக்கே அடித்த வரிகளின் மேலிருந்த கோடுகளை மட்டும் அழித்திருந்தாய். ஒன்று விடாமல். ‘தேவையற்றது’ என்ற சொல்லையும். தாள் அந்த இடங்களில் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது.

அந்த வரிகளை மட்டும் முதல்முறையாக ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன்.

‘நேத்து ஸ்டேசன் படியில நொண்டி நடந்த. செருப்பு வார் அறுந்துச்சா. அங்க தைக்கிற ஆளு இல்ல. கேம்ப் ரோடு முனையில ஒருத்தரு கீறாரு, நல்லா தைப்பாரு.’

‘உங்க அப்பா சைக்கிள் செயின் லூசா இருந்துச்சி. வாசல்ல நிக்கும்போது டைட் பண்ணிட்டேன். சொல்ல வேணாம்.’

‘செவ்வாக்கெழமை நீ சிரிக்கல. உடம்பு சரியில்லையா.’

‘மழைக்கு அப்புறம் கெணத்து தண்ணி கலங்கலா கீது. காச்சி குடி.’

கடைசியாகச் சொன்னதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். அது கிணற்றுத் தண்ணீர், அது வேறு மாதம். ஜூலையில் உங்கள் தெருவுக்கு வந்தது லாரித் தண்ணீர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் அதை அடித்திருக்கிறேன். அதன் மேல் தேவையற்றது என்று எழுதியிருக்கிறேன்.

நாவல்களில் எது நல்ல வரி என்று எனக்குத் தெரியும் என்று ஊரே நம்பியது. அண்ணனும் நம்பினான். உன்னைத் தவிர எல்லோரும்.

அப்படியானால் ஏன் ‘சரிடி’ என்றாய்? ஏன் அவனை வராதே என்றாய்? கோடுகளை அன்றைக்கே அழித்தாயா, படுக்கையில் விழுந்த பிறகா? அவனுடைய வரி எது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதோடு என் மனதில் என்ன இருந்தது என்றும் தெரிந்துவிட்டதா? எனக்காகத்தான் விட்டுக்கொடுத்தாயா? இல்லை, கொஞ்ச நாள் போகட்டும், இவளே கேட்பாள் என்று காத்திருந்தாயா? நான் கேட்கவே இல்லையே. எட்டு மாதம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இதோடு நேற்று நிறுத்திவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. மீதியை இன்று எழுதுகிறேன். சொல்லிவிட்டேன் ரெஜினா.

ஞாயிறு ஷெட் அரை நாள்தான். சாப்பாட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் ஒரு ஸ்கூட்டருக்குக் கிளட்ச் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. கவரை டூல் பெட்டி மேல் வைத்தேன். அவனுக்குத் தன் எழுத்து தெரிந்தது. பெஞ்ச், பென்சில், தீர்ப்பு, ‘இல்லண்ணா’ என்று நான் சொன்ன பொய், அழித்த கோடுகள், எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் டி.சி. படிக்கிற மாதிரி இருந்தது. அவன் கேபிளை விடவில்லை, நிமிரவும் இல்லை.

முடித்ததும், “படிச்சவ நீ. நல்லாலன்னா நல்லாலன்னுதான சொல்லுவ,” என்றான்.

திட்டுவான் என்று நினைத்துத் தயாராக வந்திருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

“நீ கோடு போட்டு வெச்சிருந்தியா, அப்ப அது நல்லாதான் கீதுன்னு எழுதுனேன். எனுக்கு இன்னா தெரியும். நடுவுல எழுதறதுக்கு ஒண்ணும் இல்லன்னா, அன்னிக்கு பாத்தத எழுதிவுடுவேன்.”

“அத மட்டும்தாண்ணா அவ வெச்சிக்கிட்டா.”

கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினான். விளிம்பைப் பிடித்து, கிரீஸ் படாமல். செருப்பு வரியைக் காட்டினேன். வாய் அசைய மெதுவாகப் படித்தான். எட்டாவது வரை படித்தவர்கள் படிப்பது போல. பிறகு மற்றதையும் காட்டச் சொன்னான். எல்லாவற்றையும் காட்டினேன். தண்ணீர் வரியில் நின்றான். அதை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டான்.

“நான் அன்னிக்கு வந்தேன் வளரு,” என்றான். “அத பொதைக்கற அன்னிக்கு. கல்லறை கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன். எல்லாரும் உள்ள போனாங்க. எனுக்கும் போவணும்னுதான் இருந்துச்சி. நீ யாருப்பான்னு ஒருத்தரு கேட்டா, நான் யாருன்னு சொல்லிக்கினு போறது?”

டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தேன். அவன் சாப்பிட்டான். எதிரில் உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் தலையைத் திருப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டு, “பிளக்கு,” என்றான். மறுபடி சாப்பிட்டான்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கட்டுமா என்று அவனிடம் கேட்டேன். என் பெயரைப் போடாதே, அந்தப் பொண்ணு பெயரை நல்லபடியாகப் போடு என்றான்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் கல்லறைத் திருநாள். உன் அம்மா மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கொண்டு மத்தியானமே வந்துவிடுவார். அன்றைக்கு அண்ணனை நான் கூட்டிக்கொண்டு வருவேன். கேட்டைத் தாண்டி உள்ளே, உன் பக்கத்தில் வரைக்கும். உன் பெரியம்மா கேட்பார், உன் அப்பா கேட்பார், இது யார் என்று. நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் முதலில் பேசியதே இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேசுவேன். அந்தத் தாள்கள் என் கதை இல்லை ஆன்ட்டி, இவன் ரெஜினாவுக்கு எழுதியது, நான்தான் நடுவில் புகுந்து கெடுத்தேன், ரெஜினா அதை வைத்துக்கொண்டிருந்தாள் என்று உன் அம்மாவிடம் சொல்வேன். அவர் என்னைத் திட்டினாலும் நின்று கேட்டுக்கொள்வேன். அவன் யார் என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்கிறேன்.

நாங்கள் வருகிறோம், அண்ணி.

உன் நாத்தனார்,
வளர்மதி
சேலையூர்